கம்பளி மார்பு

தலைநகரிலிருந்து அனுப்பிய ரப்பர் மார்பு
மலைக்குளிரில் விரிசல் விட்டு வந்து சேர்ந்தது.
சுகாதார நிலையத்தின் சரக்குப் பதிவேட்டில் எழுதினேன்:
மார்பு, ஒன்று. பயன்படாது.

மறு வாரம் தியோஃபிலா ஒன்று பின்னிக்கொண்டு வந்தாள்,
அல்பாக்கா கம்பளியில்.
காம்புக்கு உருளைக்கிழங்கு வயலின் பழுப்பு,
சுற்றியிருக்கும் வட்டத்துக்கு அதைவிட ஒரு பிடி வெளிர்.
"உங்கள் ரப்பருக்குப் பிள்ளையே பிறக்கவில்லை போலிருக்கிறது" என்றாள்.
பெண்கள் சிரித்தார்கள், வாயை மூடாமல்.

மூன்று வருடமாய் அந்தக் கம்பளியை ஏந்தித்தான் பேசுகிறேன்.
காம்பை மட்டும் அல்ல, கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வட்டும்.
மஞ்சளாய் வருவது சீழ் அல்ல, சீம்பால்,
அதைப் பீய்ச்சி மண்ணில் விடாதீர்கள்.
பிறந்த அன்று பிள்ளையின் வயிறு இவ்வளவுதான்,
என்று பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுப்பேன்.
பச்சை. என் மகனுடையது.
அவன் புட்டியில் வளர்ந்தவன்.
அதை வகுப்பில் சொல்வதில்லை.

எர்மெலிந்தா கடைசி பெஞ்சில் உட்காருவாள்,
முதுகுத் துணியில் ஆறு வாரத்துப் பெண்,
மடியில் பால்மாவு டப்பா.
சதுர்னினோ அனுப்பியது. மேலே,
பனிக்கட்டி தொங்கும் சுரங்கத்தில் இருக்கிறான்.
மாதம் முழுக்கக் கூலி கிடையாது அவனுக்கு.
கடைசி நாளில் முதுகு தாங்கும் கல்லை எடுத்துக்கொள்ளலாம்,
தங்கம் இருந்தால் இருக்கும்.
எழுதத் தெரியாதவன்
டப்பாவின் மூடியில் ஆணியால் ஒரு நட்சத்திரம் கீறியிருந்தான்.

சொல், சுவரில் ஒட்டிய படமே,
இதை எந்த வாயால் வேண்டாம் என்பது?

என்னால் முடிந்ததைச் சொன்னேன்.
இந்த உயரத்தில் தண்ணீர்
தொண்ணூறைத் தொடுமுன்பே கொதித்துவிடும், நம்பாதே என்றேன்.
தலையாட்டினாள்.
இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டாள்,
அடுத்த லாரி வரும்வரை தாங்க வேண்டுமே.
டப்பாவின் மேல் சிரித்த பிள்ளை மட்டும்
குண்டாகவே இருந்தது.
"எனக்கு ஊறவில்லை" என்றாள்,
கடனைத் திருப்பித் தர முடியாதவள் குரலில்.

ஜூன் மாதம், உறைபனி, வகுப்பில் ஏழு பேர்.
தியோஃபிலாவின் பையன் திடீரென்று வீறிட்டான்.
அவன் அழுகைக்கு அவன் தாய் திரும்புமுன்
எர்மெலிந்தாவின் ஸ்வெட்டரில் இரண்டு வட்டம் நனைந்தது.
மூன்று அடுக்குக் கம்பளியைத் தாண்டி
உடம்பு கை தூக்கிவிட்டது.

அவள் பயந்து டப்பாவால் மறைத்துக்கொண்டாள்.
யாரும் சிரிக்கவில்லை.
நான் விளக்கப்படத்தைச் சுருட்டி வைத்தேன்.
"என் மகனுக்கு நான் கொடுக்கவில்லை" என்றேன்.
"அன்றும் இதே வெள்ளைக் கோட்டுத்தான்.
கொடு கொடு என்றார்கள் எல்லாரும்.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை."

பிறகு போய் உட்கார்ந்தேன்.
அன்று முக்கால் மணி நேரம். அவள் வீட்டில் பன்னிரண்டு நாள்.
வெடித்த காம்பு, கட்டிக்கொண்ட இடது மார்பு,
வெந்நீர்த் துணி, மறுபடி அழுகை,
நடுராத்திரி ஒன்றரைக்கு அவள் என்னைத் திட்டிய
கெச்சுவா வார்த்தைகளில் பாதி எனக்குப் புரியவில்லை.
ஐந்தாம் நாள் டப்பாவைத் திறந்தாள். நான் தடுக்கவில்லை.
எட்டாம் நாள் மறந்துபோனாள்.

கல்லறைச் சரிவில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.
அவள் இரு கையும் நிறைந்திருந்ததால்
போனை நான் பிடித்திருந்தேன்.
டப்பா வேண்டாம் என்று எப்படிச் சொல்வாளோ
என்று எனக்குத்தான் வயிறு கலங்கியது.
அவள் கையுறை பற்றிக் கேட்டாள். இருமல் பற்றி.
நட்சத்திரம் அழகாயிருந்தது என்றாள்.

அங்கே காற்று, கல் உடையும் ஓசை.
பிறகு அவன் குரல்:
"அது என்ன சத்தம், க்ளக் க்ளக் என்று?"

"விழுங்குகிறாள்" என்றாள்.

காசு ஓடிக்கொண்டிருந்தது.
அவன் பேசவில்லை,
கேட்டுக்கொண்டே இருந்தான்.